மனுவுக்கும் மன்றத்துக்கும் நடுவே

கும்மிடிப்பூண்டியில் புகை இரவில் வரும். பாப்பன்குப்பம், சித்தராஜகண்டிகை, புதுகும்மிடிப்பூண்டி என்று சிப்காட் தொழில் வளாகத்தை ஒட்டியிருக்கும் ஊர்களில் காலையில் மொட்டை மாடியைப் பெருக்குகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் மறந்துவிட்ட வெள்ளை வேட்டியின் நிறமே சொல்லிவிடும். பழைய இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் நெருங்கி நிற்கும் வட்டாரம் அது. பகலில் அடக்கி வைத்துவிட்டு ஆபீசர்கள் வீடு திரும்பிய பிறகுதான் திறந்துவிடுகிறார்கள் என்பது அங்கே நெடுநாள் புகார். ஆய்வுக்கு வருகிறவர் பகலில் வருகிறார். அப்போது வானம் தெளிவாக இருந்தால், விதிமீறல் ஏதும் காணப்படவில்லை என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும். புகார் கொடுத்தவர் பொய்யர் ஆகிவிடுவார்.

இந்தப் புகாரை எங்கே கொடுப்பது என்று கேட்டுப் பார்த்தால் இந்த மண்ணின் நிர்வாகம் எப்படித் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். காற்றும் கழிவுநீரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. வளாகத்துக்குள் இருக்கும் சாலையும் தண்ணீரும் சிப்காட் நிறுவனத்தின் பொறுப்பு. ஆலைக்குள் கை போனால் அது தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வேலை. சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் பழைய ஜி.என்.டி. சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 16. அதன் ஓரத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஒரு துறை, பள்ளம் விழுந்தால் இன்னொரு துறை. பட்டா என்றால் வட்டாட்சியர், மேல்முறையீடு என்றால் பொன்னேரிக் கோட்டாட்சியர். பேரூராட்சிக்கு மிஞ்சுவது குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றத்தின் கைக்குள் இருப்பவை இவைதான். அவர்களை அதிகம் வருத்துகிறவையோ அந்தக் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன.

ஆகவே மக்கள் மன்றத்தைத் தாண்டிப் போகிறார்கள். திங்கட்கிழமைதோறும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்திலிருந்தும் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்தும் மேற்கே பள்ளிப்பட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கும்மிடிப்பூண்டியும் திருவள்ளூரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து வேறு தடத்துக்கு மாற வேண்டும். 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்துத் திருவள்ளூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். தண்டவாளங்கள் இன்றும் சென்னையை நோக்கியே கிடக்கின்றன. ஒரு மனு கொடுக்க ஒரு நாள் கூலி போகும். வாசலில் மனு எழுதித் தருகிறவருக்குக் கொஞ்சம், பஸ்ஸுக்குக் கொஞ்சம், டீக்குக் கொஞ்சம்.

அங்கே வரும் மனுக்களை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். முதியோர் ஓய்வூதியம், பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, மாற்றுத்திறனாளிக்கான உதவி முதலியவை முதல் வகை. கேட்பவர் ஒருவர், பெறப்போகிறவரும் அவரே. தகுதி இருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் காரணம் சொல்லி மறுக்கலாம். இரண்டாவது வகை வேறு மாதிரி. தெருவில் சாக்கடை தேங்குகிறது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் படிகிறது. இரவில் மூச்சு விட முடியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டவர் ஒருவராக இருக்கலாம். அவதிப்படுவது தெரு முழுவதும், சில சமயம் ஊர் முழுவதும்.

முதல் வகைக்கு அரசு கடந்த சில ஆண்டுகளில் நிறையச் செய்திருக்கிறது. அதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். 2021-ல் முதல்வரின் முகவரி என்று தனித்துறையே வந்தது. 1100 என்ற எண்ணுக்கு யாரும் போன் செய்யலாம். 2023 டிசம்பரில் மக்களுடன் முதல்வர், 2025 ஜூலை 15 முதல் உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள். நகர்ப்புறத்தில் 13 துறைகளின் 43 சேவைகள், ஊரகத்தில் 15 துறைகளின் 46 சேவைகள், 45 நாட்களுக்குள் தீர்வு என்று அறிவித்தார்கள். கைநாட்டு வைக்கும் கிழவி ஒருத்திக்கு அலையாமல் ஓய்வூதியம் கிடைத்தால் அதைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

இரண்டாவது வகை மனு இதே குழாய்க்குள் போகும்போதுதான் சிக்கல். ஆட்சியரிடம் கொடுத்தாலும், முதல்வர் பெயருள்ள முகாமில் கொடுத்தாலும், 1100-க்குப் போன் செய்தாலும், மனு கணினியில் ஏறி, துறைக்குப் போய், மாவட்ட அலுவலரிடம் வந்து, கடைசியில் பேரூராட்சிச் செயல் அலுவலரின் மேசைக்கோ வட்டார வளர்ச்சி அலுவலரின் மேசைக்கோ வந்து சேரும். சாக்கடை தேங்குவதை முதலில் யாரிடம் சொல்லிக் கேட்கவில்லையோ, அவரிடமே அது திரும்பி வருகிறது. பதில் எழுதப்போகிறவரும் அவர்தான். நிதி வந்ததும் பணி மேற்கொள்ளப்படும் என்றோ, கள ஆய்வு செய்யப்பட்டது என்றோ அவர் எழுதிவிட்டால், மனு முடித்து வைக்கப்பட்டது என்று மனுதாரருக்குக் குறுஞ்செய்தி வந்துவிடும். மனு முடிந்துவிடுகிறது, சாக்கடை அப்படியே நிற்கிறது. அதே தெருவிலிருந்து பத்துப் பேர் கொடுத்திருந்தால் பத்து மனுவும் பத்து எண்ணில் தனித்தனியாக முடியும். பத்தும் ஒரே குறை என்று சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு அந்தப் பாதையில் யாருக்கும் தரப்படவில்லை.

2025 ஆகஸ்டில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் வைகை ஆற்றில் மிதந்தன. நாடே பார்த்து அதிர்ந்தது. ஆனால் ஆற்றில் மிதந்த தாளைப் பார்க்கவாவது முடிந்தது. முறைப்படி எண் இடப்பட்டு, முறைப்படி பதில் எழுதப்பட்டு, கணினிக்குள் அமைதியாக மூடப்படும் பொதுக் குறைகள் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு மனிதரைத் தனியாக நின்று மனுப்போட வைத்துக்கொண்டே இருந்தால் அது எதில் போய் முடியும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனுக் கொடுத்திருந்த ஒரு தொழிலாளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரும் இறந்தார்கள். அதன் பிறகு ஆட்சியர் அலுவலக வாசல்களில் திங்கட்கிழமை தோறும் போலீசார் நின்று, மனுக் கொடுக்க வருகிறவர்களின் பைகளில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று தேடுவது வழக்கமானது. உயிரைக் காக்கத்தான் அந்தச் சோதனை, வேண்டியதும்கூட. ஆனால் பையைத் திறந்து பார்த்த அளவுக்கு அந்தப் பழைய மனுக்களைத் திறந்து பார்த்தோமா? அந்த மனுக்கள் எந்த மேசையில் நின்றன, ஏன் நின்றன என்ற கேள்வி வாசல் சோதனையோடு அடங்கிவிட்டது.

மனு எழுதும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1852-ல் கஜுலு லட்சுமிநரசு செட்டி சென்னையில் சுதேசி சங்கத்தைத் தொடங்கிப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே மனு அனுப்பினார். வரி வசூலுக்காகக் குடியானவர்களை வதைக்கிறார்கள் என்பது அதிலிருந்த முக்கியமான புகார். டான்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1853-ல் இங்கே வந்து, செட்டியோடு ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துத் திரும்பி நாடாளுமன்றத்தில் பேசினார். 1854-ல் விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் குடியானவர்கள் சென்னைக்கு வந்து முறையிட்டார்கள். 1855-ல் வந்த அறிக்கை வதை நடந்ததை ஒப்புக்கொண்டது; பாதிக்கப்பட்டவர் நியாயம் தேடிப் போக வழியில்லாமல் இருந்ததையும் ஒப்புக்கொண்டது. 1857-ல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் அந்த அறிக்கையை எடுத்து எழுதினார். அன்று தாசில்தாரிடம் வரி வசூலும் இருந்தது, போலீசும் இருந்தது. யார் அடித்தாரோ அவரிடமே அடிபட்டவர் புகார் சொல்ல வேண்டும். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்து 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. யாரைப் பற்றிய புகாரோ அவரிடமே அதை அனுப்பக் கூடாது என்ற பாடத்தை வெள்ளைக்கார ஆட்சியே அன்று படிக்க வேண்டியிருந்தது.

இந்த மண்ணுக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான் திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் இருந்தன. அந்த ஜில்லாவில் பறையர் மக்கள் பட்ட பாட்டைத் திருவள்ளூர் வட்டாரத்தில் பணியாற்றிய வில்லியம் கௌடி போன்ற வெஸ்லியன் மிஷனரிகள் எழுதிவந்தார்கள். குடியிருக்கும் மனையிலிருந்தே துரத்தப்படும் பயம், கடனுக்காக வாழ்நாள் முழுவதும் பண்ணையில் கட்டுண்டு கிடப்பது, தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாரர்களின் எதிர்ப்பு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துயரம். ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-ல் அவற்றை ஒன்றாகத் திரட்டி ஒரு குறிப்பாக எழுதினார். 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை அதிலிருந்து பிறந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அந்த நிலம் பின்னர் எப்படியெல்லாம் கைமாறியது என்பது வேறு துயரம். ஒவ்வொரு குடிசையின் முறையீடும் தனியாக வந்த வரையில் அதைத் தள்ளிவிட முடிந்தது. ஒரு ஜில்லாவின் நிலைமையாக எழுதப்பட்டபோது தள்ள முடியவில்லை.

திரட்டும் அந்த வேலையை அன்று ஓர் ஆட்சியரின் மனசாட்சிக்கு விட்டிருந்தார்கள். மக்களாட்சியில் அந்த வேலைக்கென்றே உண்டானது உள்ளாட்சி மன்றம். என் சாக்கடையை எங்கள் தெருவின் சாக்கடையாகவும், எங்கள் தெருவின் சாக்கடையை ஊரின் வடிகாலாகவும் மாற்றும் இடம் அது. இந்த ஆண்டு இருக்கிற பணத்தில் எந்தத் தெரு முதலில் என்று நான்கு வார்டுக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டு முடிவெடுக்க வேண்டும். அந்தச் சண்டை அவசியமானது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் குடியிருப்புவாசிகள் கூடிப் பேசி நகர நிதியில் எதற்கு முதலிடம் என்று முடிவு செய்யும் முறை வந்தது. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் தன் குறையைச் சொல்ல வந்தவர் அடுத்த தெருக்காரரின் குறையையும் கேட்டாக வேண்டியிருந்தது. அப்படிக் கேட்கிற இடத்தில்தான் மனுதாரர் குடிமகன் ஆகிறார்.

நம் மன்றங்களோ பாதிக் காலம் பூட்டிக் கிடந்தன. திருவள்ளூர் நகராட்சி, கும்மிடிப்பூண்டிப் பேரூராட்சி உட்படத் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2011-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்து ஆண்டுகளில் வர்தா புயல் அடித்தது, 2019-ன் வறட்சி வந்தது, கொரோனா வந்தது. மரம் சாய்ந்து கரண்ட் போன இரவிலும், குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த கோடையிலும், தெரு அடைக்கப்பட்ட ஊரடங்கிலும் கதவைத் தட்டிக் கூப்பிட ஒரு கவுன்சிலர் கிடையாது. ஊரகத்தில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலமும் முடிந்து, திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர் கைக்குப் போயின. தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம், வேகமாகக்கூட வேலை செய்யலாம். ஆனால் அவர் மாற்றலாகிப் போகும்போது ஊரின் நினைவும் அவரோடு போய்விடும். போன மழைக்கு எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது அதே தெருவில் குடியிருக்கும் வார்டு உறுப்பினருக்கு மறக்காது.

மன்றம் இருந்தால் மட்டும் போதாது, அதில் உட்காரும் உரிமையும் மெய்யாக இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் இருக்கிறது ஆத்துப்பாக்கம். பட்டியல் சாதியைச் சேர்ந்த அமிர்தம் அங்கே ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2020 சுதந்திர தினத்தன்று அவரைத் தேசியக் கொடி ஏற்றவிடவில்லை. செய்தி வெளியானதும் வழக்குப் பதிவானது, கைது நடந்தது. ஆகஸ்ட் 20 அன்று அன்றைய ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமார் நேரில் வந்து நிற்க, அமிர்தம் கொடி ஏற்றினார். ஊரின் குறைகளைக் கேட்க வேண்டிய தலைவரே தன் குறையைச் சொல்லிக்கொண்டு வெளியே நிற்க வேண்டியிருந்தது. கொடிக்கம்பத்தின் கயிறே கைக்கு வராதபோது வரவு செலவுப் புத்தகமும் தீர்மானப் புத்தகமும் எப்படி வரும்? 2016-ல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் தந்த சட்டம் பெரிய சட்டம். அந்த நாற்காலியில் அந்தப் பெண்ணே உட்கார்ந்து, அவர் வாயாலேயே பேசுகிறாரா என்பதை அக்கம்பக்கத்தார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் கூடிப் பேசியும் கேட்கப்படாமல் போன கதையும் இதே வட்டத்தில் இருக்கிறது. தேர்வாய்கண்டிகை பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர். அவர்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, மூலிகை பறித்த மேய்க்கால் காட்டில் சுமார் 1,127 ஏக்கரை சிப்காட் தொழில் பூங்காவுக்கு எடுத்தார்கள். ஊர் எதிர்த்தது. கிராம சபையில் தீர்மானம் போட்டது, போராடியது, நீதிமன்றம் போனது. 2009-ல் பிரான்சின் மிஷ்லின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஊர்க்காரர்களோடும் தமிழக நில உரிமை அமைப்போடும் பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் தொண்டு அமைப்புகளும் சேர்ந்து, 2012-ல் பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகாரைக் கேட்கும், பாரீசில் இருக்கும் ஓ.இ.சி.டி. தேசியத் தொடர்பு மையத்தில் முறையிட்டார்கள். 2013-ல் அந்த மையம் தன் அறிக்கையைக் கொடுத்தது. காடு திரும்பி வரவில்லை. கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கிராமம் ஒன்று தன் குறையை எடுத்துக்கொண்டு பாரீஸ் வரை போனதே, அதை நினைக்கும்போது எனக்குப் பெருமையும் வெட்கமும் ஒன்றாக வருகின்றன. அத்தனை தூரம் போகும் தெம்பு அவர்களிடம் இருந்தது. அவர்களின் கிராம சபைத் தீர்மானத்தை அதே இடத்தில் நிறுத்திப் பதில் சொல்லும் கடமை நம்மிடம் இல்லாமல் போனது. தொழில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேலை இந்த மாவட்டத்துக்குத் தேவை. ஊரின் தீர்மானத்துக்கு எழுத்தில் காரணத்தோடு பதில் சொல்லாமல் ஒரு சதுர அடியும் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால், பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

இதே மாவட்டம் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் மாவட்டம். பூண்டி, சோழவரம், புழல் மூன்றும் இங்கேதான் வெட்டப்பட்டன. பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வித்திட்டவர் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி; 1944-ல் அது முடிந்தது. தேர்வாய்கண்டிகையை ஒட்டிக் கண்ணன்கோட்டையில் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட அரை டி.எம்.சி. நீர்த்தேக்கமும் சென்னைக்காகத்தான். மீஞ்சூர்ப் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. இவ்வளவையும் கொடுத்த வட்டாரத்தின் தெருக்களில் குடிநீர் கேட்டு மனு எழுதப்படும்போது, அதை ஒரு வீட்டுக் குழாயின் பழுதாகப் பார்ப்பது அநியாயம். ஆற்றின் மேல்கையில் இருக்கிறவர்களின் தாகம் அது. அப்படி எடுத்துச் சொல்ல, மாவட்டத்தின் மன்றங்கள் சேர்ந்து ஒரே குரலில் சென்னையோடு பேச வேண்டும்.

மன்றமே தெரியாத மனிதர்களும் இங்கே உண்டு. சிப்காட் உலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். லைன் வீடுகளில் ஓர் அறைக்குப் பலராகத் தங்குகிறார்கள். கழிவறை அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் வராவிட்டாலும் அவர்கள் சொல்லிக்கொள்ள ஆளில்லை. ஓட்டு ஊரில் இருக்கிறது, மொழி வேறு, வீட்டுக்காரரைக் கேட்டால் காலி பண்ணச் சொல்வார். அவர்கள் தெருவில் குப்பை சேர்ந்தால் அதுவே அவர்களுக்கு எதிரான புகாராகி மன்றத்துக்கு வருகிறது. அடுத்து, கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாம். 1990-ல் படகேறி வந்தவர்களின் பிள்ளைகள் இங்கே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றுவிட்டார்கள். 2021-ல் அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். முகாம்கள் எல்லாவற்றிலுமாக 7,469 புது வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் முப்பத்தைந்து வருடம் இந்த ஊரின் காற்றைச் சுவாசித்தவர்களுக்கு இந்த ஊர் மன்றத்தில் ஒரு கேள்வி கேட்க உரிமை இல்லை. ஓட்டுரிமை குடியுரிமைச் சட்டத்தோடு பிணைந்த பெரிய விஷயம். எங்கள் பக்கம் வடிகால் அடைத்திருக்கிறது என்று பேசுவதற்கு அதெல்லாம் எதற்கு? அங்கே குடியிருப்பது போதாதா?

சட்டத்தில் வாசல் இல்லாமல் இல்லை. 2022-ல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நகரங்களில் முதல் பகுதி சபைகள் கூடின. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடும் என்றானது. உள்ளாட்சிகள் மீதான புகாரை விசாரிக்க முறைமன்ற நடுவம் 2014-ன் சட்டப்படி இருக்கிறது. மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்த சேவை உரிமைச் சட்டம் நம்மிடம் பல ஆண்டுகளாகக் கோரிக்கையாகவே நிற்கிறது. அது வர வேண்டும். ஆனால் எத்தனை சட்டம் வந்தாலும் நடுவில் ஒரு வேலையைச் செய்ய ஆள் தேவை: வருகிற குறைகளைச் சேர்த்துப் பார்ப்பது.

சேர்த்துப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. கண்ணும் தொண்டையும் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனம் இருட்டில் ஓடியது. மறுநாள் அவரவர் ஆஸ்பத்திரி சீட்டை வைத்துக்கொண்டு அவரவர் மனு எழுதியிருந்தால் அவரவர் எண்ணில் அது முடிந்திருக்கும். அங்கே மீனவ ஊர்கள் ஒன்றாக உட்கார்ந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கை எடுத்தது, கசிவுக்குக் காரணமான ஆலை பல மாதம் நின்றது. எல்லாம் அவர்கள் நினைத்தபடி முடியவில்லை. ஆனால் அந்த இரவு யாருடைய தனிப்பட்ட இருமலாகவும் சுருங்கிவிடவில்லை.

இதைச் செய்ய ஒவ்வொரு முறையும் ஊர் ஓட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. மாதாந்திர மன்றக் கூட்டமே அதற்குப் போதும். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் அந்த மாதம் வந்த குறைகள், 1100 வழியாகவும் ஆட்சியர் வழியாகவும் திரும்பி வந்தவையும் சேர்த்து, தெருவாரியாக, வகைவாரியாகக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். முடித்து வைக்கப்பட்டது என்று எழுதியிருப்பவற்றில் எது மெய்யாகவே முடிந்தது என்று அந்தந்த வார்டு உறுப்பினர் எழுந்து சொல்ல வேண்டும். மன்றத்தின் அதிகாரத்துக்குள் வராத புகை, லாரி, ஆலைக் கழிவுநீர் போன்றவற்றை அதற்காகவே ஒதுக்கிவிடாமல், தேதியும் நேரமும் இடமும் குறித்துத் தீர்மானமாக எழுதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சிப்காட்டுக்கும் அனுப்ப வேண்டும். அவர்களின் அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது மன்றத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். ஐம்பது வீட்டார் ஒரே இரவைக் குறித்து எழுதினால், பகலில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதுகிறவரின் பேனா கொஞ்சம் தயங்கும். பகுதி சபையில் வாக்காளர் பட்டியலைப் பார்க்காமல் குடியிருப்பவர் எல்லோரையும் பேச விட வேண்டும். லைன் வீட்டுத் தொழிலாளிக்கு அவர் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். காலம் முடிந்த மறுநாளே புது மன்றம் உட்காரும்படி தேர்தல் நடக்க வேண்டும்.

குறை சொல்கிறவரைத் தொல்லையாகப் பார்க்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் ஊறிப் போயிருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறவருக்கு அங்கே பட்டப்பெயர்கூட விழும். ஆனால் எந்த மேன்ஹோல் எந்த மழைக்குப் பொங்கும், எந்தப் போர்வெல்லில் தண்ணீர் எந்த மாதம் நிறம் மாறும், எந்தத் திருப்பத்தில் லாரி சைக்கிள்காரரை இடிக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்த ஆலோசகரின் அறிக்கைக்கும் தெரியாது. சம்பளம் இல்லாமல் ஊரைக் கண்காணிக்கிறவர் அவர். அவர் கொண்டு வருவதை ஊரின் அறிவாக எடுத்து எழுதி வைக்கத்தான் மன்றம். மேலே இருக்கிற ஒருவரின் கருணையை நம்பி ஆயிரம் பேர் தனித்தனியாகக் கை நீட்டுவதைவிட, தங்கள் குறைகளைத் தாங்களே கூடிக் கேட்டு, வரிசைப்படுத்தி, பதில் கேட்கும் ஊர் பலமானது. அதற்குப் புது முகாமோ புதுப் பெயரோ தேவையில்லை. குறைகளின் பதிவேடு ஒவ்வோர் அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லி ஓர் உறுப்பினர் எழுந்து நின்றால் போதும், மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும்.